ஓதற்பிரிவும் நாட்டுப்பற்றும்

“வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் ஐயா, நம் நாட்டின் அருமை தெரிகிறது.” விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து வந்து படித்து, வங்கிக் கடன் வாங்கி, மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன என் பழைய மாணவர்கள் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதற்பகுதித் தமிழ் நடத்துகிற ஆசிரியனுக்கு வணிகவியல், இயற்பியல், கணினி என எல்லாத் துறை மாணவர்களும் மாணவர்களே. ஆகவே எனக்கு வரும் அழைப்புகளும் அதிகம். வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, செய்யுள் நடத்தும் வேளையெல்லாம் மேசைக்கு அடியில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், முனிக் நகரத்துப் பனியில் நின்றுகொண்டு கணியன் பூங்குன்றன் பாட்டை அனுப்பும்படி கேட்கிறான். எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்ட புலவனை ஊர் ஏக்கத்துக்கு மருந்தாகக் கேட்பதிலுள்ள முரண் அவனுக்குத் தெரியவில்லை. அதை எடுத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அனுப்பி வைத்தேன்.

மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த மகிழ்ச்சியை ஆராயாமல் ஏற்க முடிவதில்லை. பிரிவினால் பிறக்கும் இந்தப் பற்று எதன்மீது வைக்கப்படும் பற்று? விட்டுப்போன நாட்டின் மீதா, அல்லது போன இடத்தில் மனம் கட்டிக்கொண்ட வேறொரு நாட்டின் மீதா? இரண்டும் ஒன்றல்ல என்பதே என் எண்ணம். அந்த வேறுபாடு நூறாண்டுகளுக்கு முன்பே நம் தாமிரபரணிக் கரையில் மிகக் கசப்பான முறையில் வெளிப்பட்டுவிட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

படிப்புக்காகப் பிரிந்து போவது தமிழுக்குப் புதிதன்று. பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியர் சொல்பவற்றுள் ஓதலும் ஒன்று. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்று ஒரு வரம்பும் இடுகிறார். அந்த வரம்பைப் படிக்கும்போதெல்லாம் வகுப்பறையில் ஒரு சங்கடமான அமைதி நிலவுவதுண்டு. கற்பியலில் இன்னொரு விதி இருக்கிறது. கல்வி கருதிப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேல் தங்கலாகாது. விசா கொடுக்கும் தூதரகம்போலக் கறாரான கணக்கு. விந்தை என்னவென்றால், இலக்கணம் இடம் கொடுத்தும் சங்கப் புலவர்கள் ஓதற்பிரிவை அதிகம் பாடவில்லை. பொருள்வயிற் பிரிவைப் பாடித் தீர்த்தார்கள். பாலைக்காட்டில் நடப்பவன் பொருள் தேடிப் போகிறவனாகத்தான் இருக்கிறான். சுவடியைத் தூக்கிக்கொண்டு போகிறவனை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பொருள் தேடப் போனவன் மாறாமல் திரும்பக்கூடும், படிக்கப் போனவன் வேறு ஆளாகத் திரும்புவான், அந்த ‘வேறு ஆள்’ அகத்திணைக்குள் அடங்கமாட்டான் என்று அவர்கள் எண்ணினார்களோ என்னவோ. இது என் ஊகம். உரையாசிரியர் யாரும் இப்படிச் சொல்லவில்லை.

அப்படி வேறு ஆளாகத் திரும்பிய ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், அதாவது வ.வே.சு. ஐயர். 1881இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். வக்கீலாக இருந்து, ரங்கூன் போய், அங்கிருந்து 1907இல் லண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்தார். பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்புவதே போன நோக்கம். அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போன நம்மவர்கள் பெரும்பாலோர்க்கு அதுவே நோக்கம். திரும்பி வந்து உயர்நீதிமன்றத்தில் வெள்ளைக்காரனுக்குச் சமமாக அமரலாம்.

ஐயர் தங்கிய இடம் ஹைகேட் பகுதியில் க்ராம்வெல் அவென்யூ 65ஆம் எண் வீடு. ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கிய ‘இந்தியா ஹவுஸ்’. அங்கே சாவர்க்கர் இருந்தார். சென்னையிலிருந்து போன எம்.பி.டி. ஆச்சார்யா இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரரான டி.எஸ்.எஸ். ராஜன் மருத்துவம் படிக்க வந்து அந்த வட்டத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘நினைவு அலைகள்’ அக்காலத்தை நமக்குத் தமிழில் சொல்லும் அரிய நூல்களுள் ஒன்று. மராட்டியர், பஞ்சாபியர், வங்காளியர், தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ், ஒரே சாப்பாட்டு மேசையில்.

இந்த மேசையை இலேசாகக் கடந்து போகக் கூடாது. 1907ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் ஒரு வரகனேரி ஐயரும் ஒரு பஞ்சாபியும் எதிரெதிரே அமர்ந்து ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்ணும் இடம் எங்கே இருந்தது? பஞ்சாபி இருக்கட்டும், பக்கத்துத் தெருக்காரனோடு உண்ணும் இடமாவது இருந்ததா? ரயில் நிலைய உணவகங்களில்கூடப் பிராமணர்க்குத் தனியிடம் இருந்த காலம் அது. இந்தியா என்ற ஒன்று வரைபடத்தில் இருந்தது, ராஜாங்கத்தின் தாள்களில் இருந்தது, காங்கிரஸ் மாநாட்டுத் தீர்மானங்களில் இருந்தது. ஒரே பந்தியாக அது அந்த இளைஞர்களுக்கு வாய்த்தது, அநேகமாக, ஆங்கிலேயனுடைய தலைநகரத்தில். தெருவில் போகும் வெள்ளைக்காரனுக்கு இவர்கள் ஐயரும் அல்லர், கத்ரியும் அல்லர்; எல்லாரும் ஒரே கறுப்பர். அவமதிப்பிலாவது அவன் இவர்களைச் சமமாக நடத்தினான். வெளிநாட்டில் நாட்டுப்பற்று பெருகுவதற்குக் காலநிலை, சாப்பாடு, தாய்ப்பாசம் என்று நாம் பல காரணங்கள் சொல்கிறோம். இதுதான் முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளாத்திகுளத்தில் ஒருவன் இன்ன தெருக்காரன், இன்னார் மகன். விமானம் ஏறியதும் அவன் இந்தியன் ஆகிறான். ஆக்குபவர்கள் மற்றவர்கள்.

லண்டனில் ஐயர் பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார், ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், அதே லண்டனில், இந்தியர்கள் கொண்டாடிய விஜயதசமி விருந்தில் காந்தியும் சாவர்க்கரும் ஒரே மேடையில் பேசினார்கள். அடுத்த மாதம் கப்பலில் தென்னாப்பிரிக்கா திரும்பும் வழியில் காந்தி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதினார். லண்டனில் தாம் சந்தித்த இந்த இளைஞர்களுக்கான மறுமொழியாகவே அந்நூலைப் படிக்கலாம். அதற்கும் முன்னால், 1888 முதல் 1891 வரை லண்டனில் படித்த காலத்தில்தான் காந்தி முதன்முதலாகக் கீதையைப் படித்தார் என்பதும், அதையும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இரண்டு தியாசபி நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் படித்தார் என்பதும் நாம் அறிந்ததே.

ஐயர் தேர்வுகளை முடித்தார். ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் பெறவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதான பின்பு ஐயர் பாரிஸுக்குத் தப்பினார். மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து அவ்வாண்டிலேயே புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1907 முதல் 1910 வரை: தொல்காப்பியர் சொன்ன மூன்றாண்டுக் கணக்குக்கு ஏறக்குறையச் சரி. புதுச்சேரியில் பாரதி, அரவிந்தர் ஆகியோருடன் பத்தாண்டுகள். 1911 ஜூனில் எங்கள் பக்கத்து மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே ஐயர்தான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதித் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கப்பக்கத்தில் இடம் பிடித்தார். அதன் கருவுக்குத் தாகூரின் கதை ஒன்று மூலம் என்ற விவாதத்துக்குள் இப்போது போகவேண்டாம்.

1920இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். எழுத்துக்காக பெல்லாரிச் சிறை. அங்கே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு எழுதினார். அது அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1950இல், டில்லித் தமிழ்ச் சங்கத்தால் நூலாக வந்தது. ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் என வரிசைப்படுத்தி அவர்களோடு கம்பனை எடைபோடுகிற நூல். கம்பனே மேல் என்பது ஐயரின் தீர்ப்பு. அந்த நூலை நான் மிகவும் மதிக்கிறேன். அதைப் போல ஊன்றிப் படித்த கம்பன் ஆய்வுகள் நம்மிடம் சிலவே. ஆயினும் ஒரு நெருடல் உண்டு. கம்பனை அளக்க மில்டன் என்ற படி ஏன் வேண்டும்? வெளிநாட்டில் கிளர்ந்த பற்றுக்கு எப்போதுமே ஒரு பார்வையாளன் தேவைப்படுகிறான். ‘பார், உன்னிடம் இருப்பதைவிடப் பெரியது எங்களிடம் இருக்கிறது’ என்று யாரிடமோ சொல்லியாகவேண்டும். ஐயரிடம் இது நான்கு மொழிக் காவியங்களைக் கரைத்துக் குடித்த புலமையாக வெளிப்பட்டது. இன்று என் கைப்பேசிக்கு வரும் ‘நாசாவே வியந்த தமிழன்’ வகைச் செய்திகளில் அதே தேவை புலமையைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறது. அனுப்புபவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள்.

இனி சேரன்மாதேவி. 1922இல் ஐயர் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நிலைகொண்டது. நோக்கம் உயர்ந்தது. அரசாங்கத்துக்கு குமாஸ்தாக்களை ஆக்கித் தரும் கல்விக்கு மாற்றாகத் தமிழும் தொழிலும் தேசபக்தியும் கற்பிக்கும் பள்ளி. லண்டனில் அவர் மனத்தில் உருவான இந்தியாவைத் தாமிரபரணிக் கரையில் சின்ன அளவில் கட்டிப் பார்க்கும் முயற்சி என்றே அதைச் சொல்லவேண்டும். பொதுமக்கள் நன்கொடை அளித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்தனர். பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் இரண்டு பந்தியா என்ற கேள்வி தமிழ்நாடு முழுவதும் எழுந்தது.

ஐயர் தரப்பில் சொல்லப்பட்டது: அவருக்குத் தனிப்பட்ட முறையில் சாதி ஆசாரம் இல்லை, எல்லா மாணவர்களோடும் அமர்ந்து உண்பவர் அவர், அந்த இரு சிறுவர்களின் பெற்றோர் நிபந்தனையோடு சேர்த்தார்கள், கொடுத்த வாக்கை மீற முடியாது. அவர் சொன்னதை நான் நம்புகிறேன். க்ராம்வெல் அவென்யூவில் உண்டவருக்கு உடன் உண்பதில் என்ன தயக்கம் இருந்திருக்க முடியும்? ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அவர் தம்மளவில் கடந்துவிட்ட ஒன்றை, ஊர் கடக்கவேண்டிய ஒன்றாகக் காணத் தவறிவிட்டார். லண்டனில் ஒரே பந்தி இயல்பாக அமைந்தது. அதற்காக யாரும் போராடவேண்டியிருக்கவில்லை. தூரமே அந்த வேலையைச் செய்துகொடுத்தது. சேரன்மாதேவியில் அந்தப் பந்தியை யாராவது போட்டாகவேண்டும், இரண்டு பெற்றோரின் மனம் நோகும்படியாகவேனும் போட்டாகவேண்டும். அதிகாரியைச் சுடத் துணிந்த ஒரு வட்டத்தின் தலைமகனுக்கு, இரண்டு வீட்டாரிடம் ‘முடியாது’ என்று சொல்வது கடினமாக இருந்திருக்கிறது. எனக்கு இதில் ஏளனம் இல்லை. நம் ஊர்களில் எது எளிது, எது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

காந்தியிடம் விஷயம் போயிற்று. இந்த இருவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனி இப்படி நிபந்தனையோடு யாரையும் சேர்க்கவேண்டாம் என்ற வகையில் ஒரு சமாதானம் சொன்னார். அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை. 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், அருவியில் தவறிய மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் உயிர் நீத்தார். நவம்பரில் ஈ.வெ. ராமசாமி காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதன் பின்னர் தமிழ்நாட்டு அரசியல் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு சிறுவர்களின் இலை ஒரு காரணம் மட்டுமே, ஆனால் காரணம்.

ஐயரை வைத்து ‘வெளிநாட்டுப் பற்று பொய்ப்பற்று’ என்று முடிவுகட்டுவது எளிது. அப்படி முடிவுகட்ட எனக்கு உடன்பாடில்லை. எங்கள் கடற்கரையிலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. தனிநாயகம் அடிகள் 1913இல் யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்தார். ஐரோப்பிய மொழிகள் பல அவருக்கு வந்தன. தமிழ் இலக்கியம் வரவில்லை. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக வந்த பிறகுதான் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். முப்பதை நெருங்கும் வயதில் ஒரு பண்டிதர் முன் மாணவராக அமர்ந்தார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறைப்படி பட்டம் பெற்றார். தூத்துக்குடியில் 1948இல் தமிழ் இலக்கியக் கழகம் கண்டார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் உருவான உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கும் 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கும் அவரே முன்னோடி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசைமுறை. ரோமில் தாந்தேயைப் படித்துவிட்டு ‘எங்கள் கம்பனே பெரியவன்’ என்று அவர் சொல்லவில்லை. தமக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடமும் சாதாரண இடமன்று. வடக்கன்குளத்துத் தேவாலயம் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்த கோயில். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அடிகள் தமிழ் கற்றது சுவர் போய் முப்பதாண்டு ஆகியும் அதன் நினைவு போகாத ஊரில்.

பிற்காலத்தில் அவர் ஐரோப்பிய நூலகங்களில் தேடியவை பெரும்பாலும் எங்கள் முத்துக்குளித்துறை தொடர்பானவை. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஜெப நூல் ஒன்று உண்டு. அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்று போர்ச்சுகீசியப் பெயர் தாங்கிய மூன்று தமிழர். பாரிஸ்டர் படிப்புக்கு மூன்றரை நூற்றாண்டு முன்னால் ஐரோப்பிய நகரத்தில் அமர்ந்து தமிழை எழுதிக்கொண்டிருந்த அந்த மூவருக்கு ‘நாடு’ என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைப்பவற்றில் முதலாவது. அதற்கான செலவு இக்கரையின் பரதவர் கொடுத்தது. 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அடிகளே. சொல்லப்போனால், வைப்பாற்றிலும் வேம்பாற்றிலும் புன்னைக்காயலிலும் முத்துக் குளித்தவர்களின் எழுத்து வரலாற்றை அந்த ஊர்களில் இருந்துகொண்டு எழுத முடியாது. லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போயாகவேண்டும். வெளிநாட்டுப் படிப்பு இப்படிச் சில சமயம் ஊருக்குப் போகும் ஒரே பாதையாக அமைந்துவிடுகிறது. ஏ.கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ நூலகத்தின் கீழ்த்தளத்தில் தற்செயலாகக் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டதும், ஐந்தாண்டில் அது ஆங்கில நூலாகி உலகுக்குச் சங்கக் கவிதையை அறிமுகப்படுத்தியதும் இந்த வகை.

‘தம்பிரான் வணக்கம்’ படி ஒன்று இன்று ஹார்வர்டில் இருக்கிறது. அதே ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகத் தமிழர்கள் 60 இலட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் இலக்கு எட்டப்பட்டது. என் மாணவர்கள் சிலரும் தங்களால் இயன்றதை அனுப்பிவிட்டுப் பெருமையோடு என்னிடம் சொன்னார்கள். குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்களில் ஒருவனிடம் கேட்டேன்: ‘உன் ஊர்க் கிளை நூலகம் திறந்திருக்கிறதா?’ அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு செய்தி இதைவிடக் கசப்பானது. அங்கே நான்கு மாநிலத்து நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கி ஒரே பாத்திரத்தில் உண்டவர்கள், திருமணம் என்று வரும்போது இணையதளத்தில் சாதி, உட்பிரிவு, கோத்திரம் எல்லாம் குறிப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள். ‘வீட்டில் அப்படி விரும்புகிறார்கள் ஐயா’ என்கிறார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு. சேரன்மாதேவி இன்னும் முடியவில்லை என்று நான் சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் படிக்கப் போனவர்களைப் பற்றியவை. தொல்காப்பியர் வகுத்த ‘உயர்ந்தோர்’ வரம்பு இந்தப் பேச்சில் இன்றைக்கும் தொடர்வதைக் கவனிக்கவேண்டும். ‘தாய்நாட்டின் மீது உனக்கு என்ன உணர்வு?’ என்று படித்துவிட்டு வந்தவனிடம் கேட்கிறோம்; பேட்டி எடுக்கிறோம்; கட்டுரை எழுதச் சொல்கிறோம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கப்பலேறுமுன் அவர்களை வைத்துச் சோதிக்கத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எது தாய்நாடு என்பது அவர்களுக்குக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. மலையகத்தில் பிறந்து, அதையன்றி வேறு மண்ணை அறியாமல், இங்கே ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு வந்து இறங்கியவர்களுக்கு ஏக்கம் எந்தத் திசையில் இருந்தது? ஒருமுறைகூட நாட்டை விட்டு வெளியே படிக்கப் போகாத எட்டயபுரத்துப் பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் இருந்த பெண்களை எண்ணிப் பாடினார். அவர் அனுபவித்த கடல் கடந்த வாழ்வு பிரெஞ்சுப் புதுச்சேரிதான். அது கடலைக் கடக்காமலே அடையக்கூடிய வெளிநாடு.

ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் லண்டன் போகவில்லை. அவர் உள்ளூரில் வக்கீல் தேர்வு எழுதியவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதற்கு அவருக்குக் கண்முன் இருந்த தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழியும், அதில் யார் இலாபம் பார்க்கிறார்கள் என்ற கணக்கும் போதுமானவையாக இருந்தன. 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் நின்றார். அதே ஆண்டில் சிறை. 1912 இறுதியில் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, வக்கீல் தொழில் நடத்த உரிமை இல்லை. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் கிடந்தார். அரிசிக் கடை, எண்ணெய்க் கடை என்று எதையெதையோ செய்து பார்த்தார்.

அந்த நாட்களில் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்கென்று கொஞ்சம் பணம் திரட்டியிருந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த மக்கள் நிறைந்த நாடு அது. பணம் காந்தி வழியாக வரவேண்டியிருந்தது, வரவில்லை. 1915இல் காந்தி சென்னை வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். அதன் பின்னும் பல மாதங்கள் இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. யார் கொடுத்தார்கள், எவ்வளவு, எங்கே நின்றுபோயிற்று என்று காந்தி விசாரித்துக்கொண்டிருந்தார், வ.உ.சி. தம் தேவையை மறைக்காமல், ஆனால் கெஞ்சாமல், எழுதிக்கொண்டிருந்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களை முழுமையாக ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். தொகை 1916 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. வ.உ.சி. பெற்றுக்கொண்டார், அவருக்கு அது வேண்டியிருந்தது.